மேற்படியார்

அவளுக்கு அப்பாவும் அம்மாவும் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கல்லூரியில் அந்தப் பெயர் வருகைப் பதிவோடு சரி. மற்ற நேரமெல்லாம் அவள் மேற்படி. "மேற்படி வந்தாச்சா?" "மேற்படி, ஒரு பேனா குடு." "மேற்படிக்கும் சேத்து ஒரு டீ சொல்லு." இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதுகலை இரண்டாம் ஆண்டில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வைத் தொடங்கும் முன் குறிப்புரையோடு ஒரு நூலடைவு தயாரித்துக் கொடுக்க வேண்டும். பெயரைக் கேட்டால் பெரிய சங்கதி போலிருக்கும்; விஷயம் எளிதுதான். வீடு மாறுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம் இல்லையா, அது மாதிரி. நம் தலைப்பைப் பற்றி இதுவரை யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று புத்தகம், கட்டுரை, அறிக்கை எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பத்தி எழுத வேண்டும். இதில் என்ன சொல்லியிருக்கிறது, எதை வைத்துச் சொன்னார்கள், நம்பலாமா, நமக்கு எதற்கு உதவும். அவ்வளவுதான்.

அவளுக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் சுருக்கம். அவனுக்கும் வேறு பெயர் உண்டு. எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் முதல் பக்கத்தில் இருக்கும் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, முழுவதும் படித்த திருப்தியோடு மூடி வைப்பான். அதனால் வந்த பெயர் அது. மற்றபடி தங்கமான பையன். அவள் புத்தகங்களின் அடிக்குறிப்புகளை எல்லாம் கணினியில் ஏற்றி வரிசைப்படுத்துவது, அவன் ஒவ்வொன்றுக்கும் குறிப்புரை எழுதுவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

புத்தகங்களின் அடிக்குறிப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு நூலின் பெயரை ஒரு குறிப்பில் சொல்லிவிட்டால், அடுத்த குறிப்பும் அதே நூலிலிருந்துதான் என்றால், மறுபடி முழுப் பெயரையும் எழுதாமல் 'மேற்படி, பக்கம் இத்தனை' என்று போட்டுவிடுவார்கள். மேலே சொன்னதேதான் என்று அர்த்தம். நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியுமா? அது முதல் சொல்லை ஆசிரியர் பெயராக எடுத்துக்கொண்டு வரிசைப்படுத்திவிட்டது. 'ம' வரிசையில் மேற்படி என்ற ஆசிரியர் இரண்டு பக்கங்களுக்குப் பரந்து கிடந்தார். அவள் அதைச் சரிபார்க்காமல் சுருக்கத்துக்கு அனுப்பினாள். அவன் கடமை தவறாமல் குறிப்புரை எழுதினான்: 'மேற்படி அவர்கள் இத்துறையில் மிக அதிகமாக எழுதியவர். பக்க எண்கள் மாறினாலும் கருத்து மாறாதவர். நம்பத்தக்கவர்.'

இதை வகுப்பில் வாய்விட்டு வாசித்தவர் அவர்களுடைய வழிகாட்டிப் பேராசிரியை. எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டுவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்திரி மேடம். வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கும் இந்த மேற்படி ஐயாவை ஒரு தடவை பாக்கணும்மா. முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், ஒரு கூட்டத்துல கூட ஆள் கண்ணுல படல" என்றார். வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. குறிப்பு எழுதியவன் சுருக்கம். ஆனால் அட்டையில் முதல் பெயர் அவளுடையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

சிரிப்பு அடங்கிய பிறகு மேடம் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது.

"நடைமேம்பாலத்தை ஜனங்க ஏன் பயன்படுத்தலங்கறது உங்க தலைப்பு. இதுல புதுசா கண்டுபிடிக்க என்ன இருக்கு? சோம்பேறித்தனம்னு நடந்து போறவங்களே ஒத்துக்கிட்டாங்க. எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு. முடிஞ்சுபோன விஷயம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அடைவைத் திருத்திக் கொண்டு வாங்க. கையால தொடாத புத்தகத்துக்குக் குறிப்பு எழுதக் கூடாது. அதுல இந்தத் தலைப்புக்கு ஒரு ஓட்டை, ஒரே ஒரு ஓட்டை காட்டுங்க, விட்டுடறேன். இல்லன்னா வண்டி நிறுத்தற இடத்தைப் பத்தி ஒரு தலைப்பு சும்மா கிடக்கு. அதை எடுத்துக்கோங்க."

சுருக்கத்துக்கு வண்டி நிறுத்தும் இடமும் சரிதான், மேம்பாலமும் சரிதான். அவளுக்கு அப்படி இல்லை.

அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வெளுத்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான், நடுவில் ஒரு பெரிய சாலை. சாலைக்கு மேலே மேம்பாலம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அம்மா பாலத்தின் மேலே போகாமல் கீழே சாலையைக் கடந்தாள். பால் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் அவளைத் தூக்கி அடித்தது. தொடையில் தகடு வைத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஆப்பிளைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து போகும்போது தவறாமல் இன்னொன்றும் சொன்னார்கள்: "பாலம்தான் இருக்கே. ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும்?"

அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். தினமும் அதே பாலத்துக்குக் கீழேதான் அவர் வண்டி போகும். சக்கரத்துக்குக் குறுக்கே ஓடுகிறவர்களைப் பற்றி வீட்டில் வந்து அவர் திட்டாத நாள் கிடையாது. "சோம்பேறிங்க. கோடி கோடியா செலவு பண்ணி பாலம் கட்டி வெச்சிருக்கான், அது மேல காக்கா உக்காந்திருக்கு." அம்மா அடிபட்ட பிறகு அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தியதே ஒரு திட்டு மாதிரி வீட்டில் கிடந்தது. அம்மாவும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். துவைத்த துணியை முனைக்கு முனை சேர்த்து மடித்தாள். யாராவது பேச்சை எடுத்தால், "என் தப்புதான், விடுங்க" என்பாள்.

மேற்படிக்கு அது பொறுக்கவில்லை. அம்மாவைப் பற்றி உலகத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பிடிவாதக்காரி, வாய்க்காரி, கணக்குப் பார்க்கிறவள். சோம்பேறி என்று மட்டும் சொல்ல முடியாது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது போர்வையை மடித்துவிட்டுப் படுக்கிறவள் அவள். இந்தத் தலைப்பை எடுத்ததே அதற்காகத்தான். ஆனால் வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவே இல்லை. ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அம்மா கண் விழித்ததும், பயத்திலும் அழுகையிலும் முதன்முதலில் அந்த வாக்கியத்தைச் சொன்னவள் இவள்தான். "பாலம் இருக்கேம்மா, ஏறியிருக்கலாம்ல?" அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வேலை தொடங்கியது. திங்கள்கிழமை முதல் நூலகமே கதி. மேற்படி பாலத்துக்குப் போய்ப் படிகளை எண்ணிவிட்டு வந்தாள், ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்துவிட்டு வந்தாள், கல்லூரி விட்டு வரும் வழியில் ஏறியும் பார்த்தாள். அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கடைக் கட்டடத்தின் முதல் மாடிக்குள் நுழைந்து, துணிக்கடை பொம்மைகளைத் தாண்டி, உள்படிக்கட்டில் இறங்கி வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது. ஆனால் மூச்சு வாங்குவது ஓட்டை ஆகாது. புத்தகம் வேண்டும்.

புத்தகங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின. கட்டுரை ஒன்று சொன்னது: 'பாலத்தைத் தவிர்க்கச் சோம்பலே காரணம் எனப் பாதசாரிகளே ஒப்புக்கொண்டுள்ளனர்.' யார் சொன்னது என்று அடிக்குறிப்பைப் பார்த்தால் இன்னொரு கட்டுரை. அதை எடுத்துப் பார்த்தால் மற்றொரு கட்டுரை. இவரை அவர் கை காட்டினார், அவரை இன்னொருவர் கை காட்டினார். அரசு அலுவலகத்தில் மேசை மேசையாக அனுப்புவார்களே, அதே கதை. கடைசியில் எல்லாக் கையும் ஒரு புத்தகத்தில் போய் நின்றது. 'சாலை கடப்போர்.' எழுதியவர் வேறு யாருமில்லை, கத்திரி மேடம்தான். மேடமோ தன் அடிக்குறிப்பில் 'பாதசாரிகள் கணக்கெடுப்பு' என்ற பழைய அறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கத்தைச் சுட்டியிருந்தார்.

அந்த அறிக்கையையும் நூலகர் எங்கோ அடி அலமாரியிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். மேற்படி ஆசையோடு புரட்டினாள். அது முப்பத்திரண்டாம் பக்கத்தில் முடிந்துவிட்டது.

"சார், பின்னாடி பக்கமெல்லாம் கிழிஞ்சு போயிருக்கு."

நூலகர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்க கிழிஞ்சிருக்கு? தையலைப் பாரு, பின்னட்டையைப் பாரு. முழுசா இருக்கு. என் புத்தகத்துல ஒரு பக்கம் போகாதும்மா."

முப்பத்திரண்டு பக்கத்திலும் எண்ணிக்கைகள்தான் இருந்தன. பாலத்தின் மேல் இத்தனை பேர், கீழே இத்தனை பேர். எவரிடமும் எதையும் கேட்டதாக ஒரு வரி இல்லை. இல்லாத பக்கத்தில் இருக்கும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கு எப்படிக் குறிப்பு எழுதுவது? வியாழக்கிழமை மதியம் வரைக்கும் அடைவில் மற்ற எல்லாம் முடிந்து, அந்த ஒரு பதிவு மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நூலகத்தில் சுருக்கத்துக்கும் அவளுக்கும் சண்டை வந்தது. நல்ல வேளையாக வந்தது. இருவர் கையிலும் மேடத்தின் புத்தகம் ஆளுக்கொரு பிரதி. அவன் வாசிக்க, இவள் சரிபார்க்க வேண்டும்.

"குறிப்பு எண் பன்னெண்டு. மேற்படி, பக்கம் நாப்பத்தேழு" என்றான்.

"பதிமூணு."

"பன்னெண்டு."

"டேய், கண்ணைத் தொறந்து பாரு. பதிமூணு. நீ இதையும் சுருக்கிட்டியா?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ உன் சொந்தக்காரரைப் பாத்ததும் உணர்ச்சிவசப்படாத, மேற்படி."

நூலகர் தலையைத் தூக்கி உஸ் என்றார். அவள் கோபத்தோடு அவன் பிரதியைப் பிடுங்கித் தன் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவனுடையதில் குறிப்பு பன்னிரண்டுதான். அவளுடையதில் பதிமூன்றுதான். அட்டையைத் திருப்பினாள். அவனுடையது முதற்பதிப்பு, அவளுடையது இரண்டாம் பதிப்பு.

மேற்படி என்ற சொல்லால் ஒரு முறை சூடு கண்டவள் அவள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே இப்போதெல்லாம் கண் தானாக மேலே போகும். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நகராது. பார்த்தாள். முதற்பதிப்பில் மேற்படிக்கு மேலே, பதினோராவது குறிப்பில், இருந்த நூல் 'வாகன ஓட்டுநர்கள் கருத்துத் தொகுப்பு'. இரண்டாம் பதிப்பில் மேடம் நடுவே புதிதாக ஒரு வாக்கியம் சேர்த்து, அதற்கு ஒரு புதுக் குறிப்பும் சேர்த்திருந்தார். அந்தக் குறிப்பில்தான் பாதசாரிகள் கணக்கெடுப்பு இருந்தது. நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கீழே இருந்த மேற்படி பாவம், தனக்கு மேலே யார் இருக்கிறாரோ அவரைக் காட்டிக்கொண்டு நின்றது.

"சோம்பலே முதன்மைக் காரணம் எனப் பெரும்பான்மையோர் கூறினர்" என்று அந்தக் குறிப்பு எண் போட்டிருந்த வரியை அவள் மெதுவாக வாசித்தாள். "யாரு பெரும்பான்மையோர்? நடந்தவங்க இல்லடா. வண்டி ஓட்டினவங்க."

சுருக்கம் ஓடிப்போய் ஓட்டுநர்கள் கருத்துத் தொகுப்பைக் கேட்டு வாங்கி வந்தான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு அறிக்கையின் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தான். இருந்தது. பாதசாரிகள் ஏன் பாலத்தைப் பயன்படுத்துவதில்லை என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, பேருந்து, லாரி, கார் ஓட்டுகிறவர்கள் சொன்ன பதில்: சோம்பேறித்தனம்.

அவளுக்கு அப்பாவின் குரல் காதில் கேட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம், இத்தனை புத்தகம், இத்தனை முனைவர் பட்டம், எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருந்தது அப்பா சாப்பிடும்போது சொல்கிற வசனம்.

"கிணறு வெட்ட பூதம் கிளம்பிடுச்சே" என்றான் சுருக்கம். "ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனா சறுக்கின ஆனைகிட்ட போய், நீ சறுக்கிட்டேன்னு யார் சொல்றது? மிதிச்சிடும்."

"நாம ரெண்டு பேரும்தான்."

"எனக்கு நாளைக்குப் பல் வலி வரும் போல இருக்கே."

வெள்ளிக்கிழமை காலை கத்திரி மேடத்தின் அறை வாசலில் அவள் தனியாகத்தான் நின்றாள். இரண்டு பதிப்புகளையும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டை காட்டு என்றுதான் அவர் சொன்னார். என் புத்தகத்தில் காட்டு என்று சொல்லவில்லையே. தலைப்பு போனால் போகட்டும் என்று அவளால் நினைக்க முடியவில்லை. போகக் கூடாது. கதவைத் தட்டக் கை தூக்கியபோது பின்னால் செருப்புச் சத்தம். சுருக்கம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வந்தான். "பல் வலி நெஜமாவே வந்திருச்சு. பரவால்ல, வா" என்றான்.

மேடம் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில், "அச்சகத்துல ஏதாவது குளறுபடி பண்ணியிருப்பான்" என்றார். பிறகு விரலை வரியின் மேல் வைத்து, மேலே நகர்த்தி, கீழே நகர்த்தி, மறுபடி மேலே நகர்த்தினார். சுருக்கம் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டான்.

"அச்சகம் இல்ல, நான்தான்" என்றார் மேடம் கடைசியில். "கணக்கெடுப்பு கைக்குக் கிடைச்ச சந்தோஷத்துல இந்த ஒரு வாக்கியத்தைச் சொருகினேன். கீழ மேற்படி நிக்குதேன்னு பாக்கல. அப்புறம் எல்லாரும் என் புத்தகத்தைப் பாத்து எழுதினாங்க. அவங்க எழுதினதைப் பாத்து நானே அதை நம்பி வகுப்புல சொல்லிட்டிருக்கேன். யாரு இதைக் கண்டுபிடிச்சது?"

"ரெண்டு பேரும் சண்டை போட்டதுல வந்தது மேடம்" என்றான் சுருக்கம், பயத்தில் உண்மையைச் சொல்லி.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி அவனைப் பார்த்து, பாதி தன்னையே பார்த்து. "மேற்படியாரே, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். "மொத மொதல்ல உங்களை நேர்ல பாக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள்.

"இதை என் புத்தகத்துக்குக் கீழ குறிப்புல எழுது. மழுப்பாத. எந்தப் பதிப்பு, எந்தக் குறிப்பு, என்ன பிழை, எல்லாம் வரணும். நான் படிச்சுட்டு வெட்ட மாட்டேன். தலைப்பு உங்களுக்குத்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு. ஓட்டுநர்களைக் கேட்டிருக்காங்க. நடந்தவங்களை எண்ணியிருக்காங்க. கேட்டது யாரு?"

"யாரும் கேக்கல மேடம்."

"நீ?"

பாலத்துப் படிகளின் உயரம் அவளிடம் இருந்தது. எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கும் ஒரு பாதசாரியிடம் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. கையால் தொடாத புத்தகத்துக்கு அவள் முதல் நாளே குறிப்பு எழுதி முடித்திருந்தாள், அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு.

"நேர்காணலும் அடைவுல ஒரு பதிவுதான்" என்றார் மேடம். "போய்க் கேட்டுட்டு வா."

அவள் வீட்டுக்கு வந்தபோது மாலை வெயில் கூடத்தில் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. அப்பா வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியில் காலை நீட்டி, மடியில் துணிகளைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் எதிரே பேனாவும் தாளுமாக உட்கார்ந்தாள்.

"என்னடி, கோர்ட்டு குமாஸ்தா மாதிரி?"

"அம்மா, காலேஜுக்காக ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. காலைல வீட்டை விட்டு எறங்கினதுலேருந்து."

அப்பாவின் கை தட்டில் நின்றது. அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"என் தப்புதான்னு சொல்லிட்டேன்ல. இதையெல்லாமா காலேஜ்ல சொல்லித் தராங்க?"

"தப்பு யாருதுன்னு கேக்கலம்மா. என்ன நடந்துச்சுன்னு கேக்கறேன். நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில கேட்டேனே, அது கேள்வியே இல்ல. அதுக்கு மன்னிச்சிடு. இப்பதான் மொதல் தடவையா கேக்கறேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். இவள் என்ன விளையாடுகிறாளா என்பது போலப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் கடைக் கட்டடம் ஒண்ணு வந்துச்சு இல்ல? பாலத்துலேருந்து எறங்கற படியை அதுக்குள்ள விட்டுட்டாங்க. மேல ஒரு ஷட்டர். கடை தொறக்கறப்பதான் அதையும் தொறப்பாங்க. நான் ஆறரைக்கு வேலைல இருக்கணும். வாட்ச்மேன் சீக்கிரம் வந்திருந்தா தொறந்து விடுவான், நல்ல பையன். வரலன்னா சாத்தியிருக்கும். போய்ப் பாத்தாதான் தெரியும். அதனால தெனம் ஏறுவேன். தொறந்திருந்தா அப்படியே போவேன். சாத்தியிருந்தா திரும்பி வந்து, இந்தப் பக்கமே எறங்கி, கீழ கடப்பேன்."

மேற்படியின் பேனா நின்றுவிட்டது. அவள் பாலத்தில் ஏறியதெல்லாம் கல்லூரி விட்டு வரும் மாலை நேரத்தில், துணிக்கடை விளக்குகள் எரியும்போது.

"அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான் ஏறினேன். சாத்தியிருந்துச்சு. ஏறி எறங்கினதுல நேரமாயிடுச்சு, வேகமா வந்தேன்." அம்மா உறையை அடுக்கின் மேல் வைத்துத் தட்டினாள். "ஏன் ஏறலன்னுதான் எல்லாரும் கேட்டீங்க. ஏறினியான்னு ஒருத்தரும் கேக்கல."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "நான் தெனமும் அந்தப் பாலத்துக்குக் கீழதானே போறேன்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"கீழேருந்து பாத்தா ஷட்டர் தெரியாதுங்க" என்றாள் அம்மா.

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள். அதனாலேயே அப்பாவால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார், நெடு நேரம் கழுவினார். திரும்பி வந்து அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கூடையிலிருந்து ஒரு விரிப்பின் ஒரு முனையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். அவர் மடித்தது கோணலாக வந்தது. "இப்படி இல்ல" என்று அம்மா பிடுங்கி, சரியாக மடித்துக் காட்டினாள். எட்டு மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

மேற்படி நூலடைவை எடுத்து, கடைசிப் பதிவுக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். நேர்காணல் என்று தலைப்பிட்டு, ஆசிரியர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினாள். கீழே குறிப்புரை: 'பாலத்தை அன்றாடம் பயன்படுத்தியவர், நேரில் கண்டதைச் சொல்கிறார். பாலத்தின் ஒரு முனை அதிகாலையில் பூட்டிக் கிடப்பதை இதுவரை வந்த எந்த நூலும் குறிப்பிடவில்லை. கீழே கடப்பவர்களில் எத்தனை பேர் முதலில் மேலே ஏறியவர்கள் என்ற கேள்வியை இது எழுப்புகிறது. மிகவும் நம்பத்தக்கவர்.'

அம்மா எட்டிப் பார்த்தாள். தன் பெயர் தாளில், மற்றப் புத்தகக்காரர்களின் பெயர்களுக்குக் கீழே, அதே மாதிரி எழுத்தில் இருப்பதைப் பார்த்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள், யாரோ தன்னைப் புகைப்படம் எடுக்கப் போவது போல.

"இனிஷியல் போடலியே. என் அப்பா எழுத்தைப் போடு, உங்கப்பா எழுத்து வேணாம். வேலைக்குச் சேந்தப்பவும் அதுதான் குடுத்தேன்."

"போடு, போடு" என்றார் அப்பா அவசரமாக. "நாளைக்குக் காலைல நானும் வரேன். அந்த ஷட்டரை நான் பாக்கணும். டிப்போல இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வரேன், அவங்களும் பாக்கட்டும். அப்புறம் அந்தக் கடைக்காரன்கிட்ட பேசலாம். அடுத்த மாசம் இவ வேலைக்குத் திரும்பறதுக்குள்ள அது தொறந்திருக்கணும்."

"நீங்க வந்து சண்டை போடாம இருந்தா சரி" என்றாள் அம்மா. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். எட்டு மாதமாக அடைத்து வைத்தது, வழி கிடைத்ததும் வரத் தொடங்கியிருந்தது. "இன்னொண்ணும் இருக்கு. மழை பெஞ்சா அந்தப் படி வழுக்கும். பளபளன்னு கல்லு போட்டிருக்கான் பாரு, பாக்கறதுக்கு அழகு. எங்க சலவைக்கூடத்து ஆளுங்கள்லயே மூணு பேர் அங்க விழுந்திருக்காங்க. அவங்ககிட்டயும் கேளு. எழுதிக்கிறியா?"

"அது வேற விஷயம்மா. தனிப் பதிவா போடறேன்."

அவள் அடுத்த பதிவைத் தொடங்கினாள். ஆசிரியர் என்ற இடத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், கை தானாக எழுதியது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். புருவம் சுருங்கியது.

"மேற்படியா? யாருடி அது? சொல்றது நானு, வேற யார் பேரையோ போடற?"

"நீதாம்மா. மேல சொன்னவங்களேதான்னு அர்த்தம்."

அம்மா மேலே இருந்த தன் பெயரைப் பார்த்தாள். கீழே இருந்த சொல்லைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப இன்னும் ரெண்டு தாள் எடு" என்றாள். "மேற்படிக்குச் சொல்ல வேண்டியது நெறைய இருக்கு."